கடல்நீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது: சர்வேயர் வரும்வரை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: கரைவீடு

புயலோடு ஏறி வந்த கடல்நீர் தரைத்தளத்தில் இடுப்பளவு நின்று மறுநாள்தான் வடிந்தது. கட்டடத்துக்கு ஒரு காப்பீட்டுப் பாலிசி (வீட்டுக்கடன் இருப்பதால் வங்கியின் பெயரும் அதில் இருக்கிறது), வீட்டுப் பொருள்களுக்கு இன்னொன்று. இரண்டும் நடப்பில் உள்ளவை. காப்பீட்டுக் கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) எண் வாங்கியாகிவிட்டது. ஊரெல்லாம் இதே நிலை என்பதால் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம்.

அதுவரை சேற்றையும் நனைந்த மெத்தை, சோபாவையும் அப்படியே வைத்திருக்க வேண்டுமா? காற்றில் கூரையும் பெயர்ந்து மேல்தளத்தில் மழைநீர் இறங்கியிருக்கிறது, அதையும் ஒரே கணக்கில் எழுதலாமா? பில்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அரசு நிவாரணத்துக்கு விண்ணப்பித்தால் கிளெய்ம் கெடும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள், உண்மையா?

பதில்: நட்டக்கணக்கு

வைத்திருக்க வேண்டாம். வைத்திருந்தால் உங்களுக்குத்தான் நட்டம். சேதம் மேலும் பெருகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று ஏறக்குறைய எல்லாப் பாலிசியிலும் ஒரு நிபந்தனை உண்டு. நனைந்த பஞ்சு, துணி, மரத்தூள் பலகையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சர்வேயருக்காகக் காத்திருந்தீர்கள் என்றாலும், அந்தக் காத்திருப்பில் பரவிய பூஞ்சைக்குத் தரமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

வரிசைதான் முக்கியம்: முதலில் படம், பிறகு மாதிரி, அதற்குப் பிறகே அகற்றுவது. தொடங்கும் முன் கம்பெனிக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கிளெய்ம் எண், இன்ன தேதியிலிருந்து நனைந்த பொருள்களை அகற்றிக் கழுவப் போகிறோம், படமும் மாதிரியும் பாதுகாக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் உடனே எழுத்தில் தெரிவிக்கவும். போனில் யாராவது "சரி, செய்யுங்கள்" என்று சொன்னால், அவர் பெயரையும் நேரத்தையும் குறித்து அதையே மின்னஞ்சலில் திருப்பி எழுதி அனுப்புங்கள். போன் பேச்சு கோப்பில் ஏறாது.

படம் எடுக்கும்போது எல்லோரும் உடைந்ததையும் அழுகியதையும் எடுப்பார்கள். நீர் நின்ற கோட்டை எடுப்பவர்கள் குறைவு. கழுவிவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. வெளிச்சுவரிலும் ஒவ்வொரு அறையிலும் அளவுநாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, கோடும் எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். அடுத்து அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொன்று. அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து உள்ளே இருப்பவை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் ஆகியவற்றில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அச்சிட்ட தகட்டைத் தனியாக எடுக்க வேண்டும். கடைசியாக வீடு முழுக்க மெதுவாக நடந்து ஒரு வீடியோ. எல்லாவற்றையும் அன்றைக்கே வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

மாதிரி என்றால்: விரிப்பிலும் திரையிலும் ஓர் அடித் துண்டு, மெத்தையிலும் சோபாவிலும் உறையோடு சேர்த்துப் பஞ்சு, பலகையில் கையளவு. ஒவ்வொன்றிலும் எந்த அறை, என்ன பொருள் என்று எழுதிக் கட்டி வெளியே வையுங்கள். கெட்டுப்போன உணவைப் படமெடுத்துவிட்டு உடனே கொட்டலாம். மின்சாதனங்களை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், பழைய பொருள்காரருக்கும் விற்காதீர்கள். முழு நட்டம் என்று பணம் கொடுத்தபின் எஞ்சிய பொருளின் மீது கம்பெனிக்கு உரிமை வரும். அதை நீங்கள் விற்றிருந்தால் அந்த மதிப்பைக் கழிப்பார்கள், சில நேரம் அவர்கள் விருப்பத்துக்கு மதிப்புப் போட்டு.

கூரையையும் தரைத்தளத்தையும் ஒரே பட்டியலில் போடவே கூடாது. காற்றால் வந்தது, திறந்த கூரை வழியே மழையால் வந்தது, கீழிருந்து ஏறிய நீரால் வந்தது என்று மூன்றாகப் பிரியுங்கள். காற்று ஒரு பாலிசியிலும் வெள்ளம் இன்னொன்றிலும் இருக்கலாம், அல்லது வெள்ளம் எதிலுமே இல்லாமலும் போகலாம். அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசி வெள்ளத்தையும் கடல்நீர் ஏற்றத்தையும் விலக்கிவிடும், வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு "காற்றா, நீரா" என்றே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. விலக்கப்பட்ட காரணமும் உள்ளடங்கிய காரணமும் சேர்ந்து ஒரே சேதத்தை உண்டாக்கினால் மொத்தமும் கிடையாது என்று சொல்லும் விதி சில பாலிசிகளில் இருக்கிறது. அதனால்தான் நீர்க்கோட்டுப் படம் இவ்வளவு முக்கியம். கோட்டுக்கு வெகு மேலே இருக்கும் சேதம் கீழிருந்து வந்த நீரால் ஆகியிருக்காது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும். மேல்தளத்துக்குக் கூரையில் பெயர்ந்த இடம், அதன் நேர் கீழே உட்கூரையில் கறை, சுவரில் நீர் வழிந்த தடம் என்று தொடர்ச்சியாக எடுத்து வையுங்கள்.

பில் இல்லாததற்காகக் கவலைப்பட வேண்டாம். வங்கி, கார்டு அறிக்கைகள், இணைய ஆர்டர் மின்னஞ்சல்கள், வாரண்டிப் பதிவு, கடைக்காரரிடம் உங்கள் போன் எண்ணில் இருக்கும் விற்பனைப் பதிவு இவை எல்லாமே சான்றுதான். பிறந்தநாள் படங்களின் பின்னணியில் டிவியும் சோபாவும் இருக்கும், அதையும் கொடுக்கலாம். பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் மாடல், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, இன்றைக்கு அதே தரத்தில் வாங்க ஆகும் விலை, சான்று எது என்று எழுதுங்கள். தெரியாத வயதை "சுமார்" என்று போடுவது நல்லது. ஒரு பொருளில் பொய் பிடிபட்டால் முழுக் கிளெய்மும் போகும்.

பதில்: சுவரும்ஈரமும்

மேலே சொன்னதெல்லாம் சரி. கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழைவெள்ளத்துக்குச் சொல்லும் "உடனே உலர்த்து" என்ற அறிவுரை கடல்நீருக்குப் பாதிதான் பொருந்தும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நீர் உலர்ந்தாலும் உப்பு சுவருக்குள்ளேயே தங்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். கடல்நீரில் இருக்கும் மெக்னீசிய உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே இழுக்கும். ஈரம் குறையும்போது படிகமாகி விரிந்து பூச்சைத் தள்ளும். இந்தச் சுற்று நின்றபாடில்லை. அதனால் முதலில் நன்னீரால் கழுவி உப்பை வெளியேற்றி, பிறகு உலர்த்துங்கள். குழாயை மெல்லிய அழுத்தத்தில், மேலிருந்து கீழாக. உயர் அழுத்தப் பீச்சு உப்புநீரை விரிசலுக்குள்ளேயே ஏற்றிவிடும். உலரும்போது வெள்ளையாகப் பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். நனைத்துத் துடைத்தால் அதே உப்பு மறுபடி உள்ளே போகும்.

ஜிப்சம் பலகைச் சுவரென்றால் நீர்க்கோட்டுக்கு மேலே குறைந்தது ஓர் அடி வரை வெட்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் பலகை ஈரத்தை மேலே உறிஞ்சும். பின்னால் இருக்கும் பஞ்சுக் காப்பு நனைந்திருந்தால் அது உலராது, மொத்தமாக எடுத்துவிடுங்கள். செங்கல், சிமெண்ட் பூச்சு தாக்குப்பிடிக்கும். ஆனால் அவசரப்பட்டு நீர்புகாப் பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போனால் பெயின்ட் கொப்பளித்து, பூச்சோடு உரியும். மரச்சட்டங்களில் ஈரம் 15 விழுக்காட்டை ஒட்டி இறங்கிய பிறகு மூடுவது நல்லது.

ஈரமானி பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு ஊசி குத்தி அளக்கும் மானி மின்தடையை வைத்துத்தான் ஈரத்தைச் சொல்கிறது. உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் உலர்ந்த சுவரும் நனைந்ததாகக் காட்டும். இதைத் தெரியாமல் ஒப்பந்ததாரர் உலர்த்தும் இயந்திர வாடகையை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவார், கம்பெனி ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். நீரில் நனையாத இடத்திலும் ஓர் அளவு எடுத்து ஒப்பிட்டு, தேதியோடு தாளில் குறித்து வையுங்கள்.

சன்னல் திறப்பதா, மூடி ஈரநீக்கி போடுவதா என்பதில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்கும் பொழுதில் எதிரெதிர் சன்னல்களைத் திறக்கலாம். ஈரக்கடற்காற்று வீசும்போது திறந்து வைத்து உள்ளே ஈரநீக்கியும் ஓடினால் அது ஊருக்கே உலர்த்திக்கொண்டிருக்கும்.

நிலவறை இருந்து நீர் நிறைந்திருந்தால், வெளியே நிலத்தடி நீர் வடியும் முன் ஒரேயடியாக இறைக்க வேண்டாம். வெளி மண்ணின் அழுத்தத்தில் சுவர் உள்ளே சரியும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைத்து, ஒவ்வொரு நாளும் மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். இரவில் மட்டம் மறுபடி ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

கான்கிரீட் பற்றி: ஒருநாள் நனைந்ததால் நல்ல கான்கிரீட் கெட்டுவிடாது. ஏற்கெனவே விரிசல் விட்டு, கம்பி தெரிகிற இடங்களில் உப்பு நேரே இரும்பைத் தொட்டிருக்கும், அங்கே துரு வேகமாக ஏறும். இதைத்தான் சர்வேயர் "பழைய தேய்மானம்" என்று ஒதுக்குவார். புயலுக்கு முந்தைய படங்கள் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். பொறியாளரின் அறிக்கை வாங்குவதாக இருந்தால், பழையது எது, இப்போது நீரால் ஆனது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "கட்டடம் பாதிக்கப்பட்டுள்ளது" என்று மொட்டையாக எழுதிய அறிக்கையால் பயன் இல்லை.

பதில்: ஒயரிங்

கழுவுவதற்கு முன் மின்சாரம். மெயினை அணைத்துவிட்டால் வீட்டில் எங்கேயும் மின்சாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தனியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், வெயில் இருக்கும்வரை அவற்றிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். நீரில் நின்றபடி மெயினைத் தொட வேண்டியிருந்தால் தொடாதீர்கள், மின்வாரியத்திடம் சொல்லி வெளியே துண்டிக்கச் சொல்லுங்கள்.

மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், பிரேக்கர், கசிவுப் பாதுகாப்புச் சாதனம் இவற்றை உலர்த்திப் பயன்படுத்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். இப்போது வேலை செய்வதுபோல் தெரிந்தாலும் உள்ளே செம்பு அரித்துச் சூடேறும். "உலர்த்தினால் போதும்" என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒரு பக்கச் சான்று வாங்கி இணையுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, தாழ்வாரத்திலோ, கார் நிறுத்துமிடத்திலோ ஓட்டாதீர்கள். குறைந்தது 20 அடி தள்ளி, புகை சன்னல் பக்கம் வராதபடி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மூழ்கிய மின்வாகனம் இருந்தால் அது தனி ஆபத்து. உப்புநீர் புகுந்த லித்தியம் பேட்டரி நாள்கள், வாரங்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். 2022இல் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் இது நடந்தது. வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடி தள்ளி நிறுத்துங்கள். பெட்ரோல், டீசல் காரென்றால் சாவியைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். நீர் உறிஞ்சிய எஞ்சினைச் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளையும். அது வெள்ளத்தால் வந்ததல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கிளெய்மை நிராகரிப்பார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, உள்ளே நீர் ஏறிய மட்டத்தைப் படமெடுத்து, இழுவை வண்டியில் அனுப்புங்கள்.

கேட்டவர்: கரைவீடு

மிக்க நன்றி. இன்னொன்று: சேதத்தின் அளவு போதாதென்று, வீட்டை முழுதாகத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்றும் கம்பெனியில் கேட்கிறார்கள். வீடு இடியவில்லையே, இதை எதற்குக் கேட்கிறார்கள்?

பதில்: நட்டக்கணக்கு

உங்கள் காப்பீட்டுத் தொகை போதுமானதா என்று பார்க்கிறார்கள். ஆவரேஜ் விதி என்று பாலிசியில் தேடுங்கள். திரும்பக் கட்ட 100 ஆகும் வீட்டுக்கு 60க்குத்தான் காப்பீடு எடுத்திருந்தால், மீதி 40க்கு நீங்களே பொறுப்பேற்றதாகக் கணக்கு. 30 அளவுக்குச் சேதமென்றால் 60 விழுக்காடு, அதாவது 18தான் வரும். இதிலிருந்து நீங்கள் ஏற்க வேண்டிய கழிவுத்தொகை 2 என்றால் கையில் 16. கழிவை முதலில் எடுத்து, பிறகு விகிதம் போட்டால் 16.8 வரும். எந்த வரிசை என்பது பாலிசியில் இருக்கும், அவர்கள் போட்ட கணக்கைச் சரிபாருங்கள். எல்லாப் பாலிசியிலும் இந்த விதி இருக்காது. இந்தியாவில் 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியில் இது நீக்கப்பட்டிருக்கிறது.

அவர்கள் கேட்கும் எண் கட்டுமானச் செலவு மட்டுமே. நிலத்தின் விலையைச் சேர்த்து சந்தை விலையைச் சொல்லிவிட்டால் நீங்களே உங்கள் விகிதத்தைக் குறைத்துக்கொள்கிறீர்கள். இது அடிக்கடி நடக்கிறது. கட்டடப் பரப்பு, தரம், சதுர அடிக்கு இன்றைய கட்டுமானச் செலவு என்று ஒரு பொறியாளரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

கழிவுத்தொகையிலும் கவனம் வேண்டும். புயலுக்கென்று தனிக் கழிவு விழுக்காட்டில் இருந்தால், பெரும்பாலும் அது சேதத்தின் மீதல்ல, காப்பீட்டுத் தொகையின் மீது. மேலே சொன்ன 60க்கு 5 விழுக்காடு என்றால் 3 போகும், 30இன் மீது கணக்கிட்டால் வரும் 1.5 அல்ல.

புதுப்பொருள் விலை தரும் பாலிசியாக இருந்தாலும் பல கம்பெனிகள் முதலில் தேய்மானம் கழித்துத்தான் கொடுக்கும். மாற்றி வாங்கிய பில்லைக் காட்டிய பிறகே மீதி வரும், அதற்குக் கெடுவும் இருக்கும். சேதம் தெளிவாக இருக்கும் பகுதிக்கு முன்பணம் கேளுங்கள். கேட்காமல் தரமாட்டார்கள். வேறு வீட்டில் தங்கும் செலவு உங்கள் பாலிசியில் இருந்தால், வழக்கமான செலவுக்கு மேலே ஆன கூடுதல் மட்டுமே கிடைக்கும், எல்லா ரசீதும் வேண்டும்.

வங்கியின் பெயர் பாலிசியில் இருப்பதால் கட்டடத்துக்கான பணம் வங்கிக்கோ இருவர் பெயரிலோ வரலாம். பழுது பார்க்கவே அதை விடுவிக்க வேண்டும் என்று இப்போதே வங்கிக்கு எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கடன் கணக்கில் வரவு வைத்துவிடும் வாய்ப்பு உண்டு. தவணைத் தள்ளிவைப்புக் கேட்டால், தள்ளிய மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில்: மனுக்காரன்

நிவாரணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. விண்ணப்பிப்பதால் கிளெய்ம் கெடாது. ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் முழுப்பணம் வாங்கினால்தான் சிக்கல், திருப்பிக் கேட்பார்கள். காப்பீடு உண்டு என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். நிவாரணத்துக்கான கெடு காப்பீட்டின் வேகத்துக்குக் காத்திருக்காது, இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். கம்பெனி எதையாவது மறுத்தால் காரணத்தோடு கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு ஈடுசெய்யாத பகுதிக்குத்தான் நிவாரணம் என்கிற இடங்களில் அந்த மறுப்புக் கடிதமே உங்களுக்கு முக்கிய ஆவணம்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதைப் படித்தால்: வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் பொருள்களுக்குப் பொருந்தாது. நிவாரண மனுவைத் தனியாக உங்கள் பெயரில் போடுங்கள்.

பேரிடர் நடந்த ஊரில் முதலில் வந்து கதவைத் தட்டுபவர்கள் ஒப்பந்ததாரர்கள்தான். "கிளெய்மை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டும் தாளில், காப்பீட்டுப் பணத்தைப் பெறும் உரிமையையே அவர்களுக்கு எழுதித்தரும் வரி இருக்கலாம். பொருள்களைச் சுத்தம் செய்ய மட்டும் ஒப்பந்தம் போடுங்கள், வேலை, அளவு, விலை எழுதி. பாலிசிதாரர் சார்பில் மதிப்பிடுபவரை அமர்த்துவது வேறு விஷயம். பெரிய தகராறான கிளெய்மில் அது பயன்படும், சின்னக் கிளெய்மில் அவருடைய விழுக்காட்டுக் கட்டணம் போக மிஞ்சாது. உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

"முழுமையான, இறுதியான தீர்வு" என்று எழுதிய ரசீதில் தொகை ஒப்பவில்லை என்றால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாகப் பெறுகிறேன் என்று எழுதி அனுப்பி, எந்த வரியில் எவ்வளவு குறைகிறது என்று தனித்தாளில் கொடுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வெளியே முறையிடலாம். இந்தியாவில் கம்பெனிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். பிரிட்டனில் அந்தக் காத்திருப்பு 8 வாரம். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டில் சத்தியமிட்ட இழப்பு அறிக்கையை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெரிய பேரிடர்களில் நீட்டித்திருக்கிறார்கள் என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள்.

பதில்: சுவரும்ஈரமும்

விட்டுப்போன ஒன்று, கிணறு. கடல்நீர் இறங்கிய கிணற்றை வற்ற வற்ற இறைக்கும் பழக்கம் கரையோரத்தில் ஆபத்து. நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலே ஏறி, கிணறு சரியாவது இன்னும் நீண்ட காலம் இழுக்கும். சேற்றையும் குப்பையையும் எடுத்து, ஓரளவு மட்டும் இறைத்து விடுங்கள், மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை நீரில் அளந்து பார்த்து, இறங்குகிறதா என்று கவனியுங்கள். கிணறு, மதில், மோட்டார் அறை ஆகியவை பல பாலிசிகளில் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு, பாலிசியின் அட்டவணையில் பார்த்துவிட்டுப் பட்டியலில் எழுதுங்கள்.